பென்சில் குறிப்பை அழித்துவிடாதீர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் தாத்தா புதுச்சேரி சம்பா கோயில் (கத்தோலிக்கப் பேராலயம்) பாட்டுக் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். வீடு மாற்றும்போது அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பிரெஞ்சில் அச்சான, ஐந்து கோடு போட்ட இசைத் தாள்கள் ஒரு கட்டும், தமிழில் ச ரி க ம எழுதிய மூன்று நோட்டுகளும் இருந்தன. எதிலும் ஆண்டு இல்லை. பழைய பேப்பர்காரரிடம் போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: போடாமல் விட்டீர்களே, அதுவே பெரிய விஷயம் அம்மா. நான் போட்டவன். எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், தியேட்டர் வாசலில் சில்லறைக்கு விற்ற எட்டுப் பக்கச் சமாச்சாரங்கள், எல்லாவற்றையும் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். பல வருஷம் கழித்துத்தான் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அதே மாதிரிப் பாட்டுப் புத்தகங்களை உறையில் போட்டு, எண் கொடுத்து, ஆராய்ச்சி செய்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தேன். அந்த நூலகமே கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த சேகரிப்பிலிருந்து வந்ததுதான். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கிராமபோன் பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் தூக்கி எறிந்ததையெல்லாம் அவர் சேர்த்து வைத்தார்.

சரி, ஆண்டுக்கு வருவோம். அந்தக் காலத்து ஐரோப்பியப் பதிப்பாளர்கள் இசைத் தாளில் ஆண்டு போடாமலே விற்பது சகஜம். ஆனால் உலோகத் தகட்டில் செதுக்கி அச்சடித்ததால், எந்தத் தகடு எந்தப் பாட்டுக்கு என்று தெரிய ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு எண்ணைப் பொறித்திருப்பார்கள். சில சமயம் பதிப்பாளர் பெயரின் முதல் எழுத்துகளும் கூட இருக்கும். அது பக்க எண் அல்ல, எல்லாப் பக்கத்திலும் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும், பாருங்கள். அதைத் தகட்டு எண் என்பார்கள். பதிப்பாளர் பெயரையும் இந்த எண்ணையும் சேர்த்துப் பார்த்து நூலகர்கள் ஓரளவு ஆண்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பாரிஸ் தேசிய நூலகத்தின் காலிகா இணையதளத்தில் பழைய தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரெஞ்சில் இசைத் தாளை 'பர்த்தீசியோன்' என்பார்கள், அந்தச் சொல்லை வைத்துத் தேடினால்தான் அகப்படும். 2006-இல் தொடங்கிய, இசைத் தாள்களுக்கென்றே இருக்கும் இணைய நூலகமான ஐ.எம்.எஸ்.எல்.பி. (IMSLP) தளத்திலும் பாருங்கள்.

ஆனால் அச்சுத் தாளின் இன்னொரு பிரதி உலகத்தில் எங்காவது இருக்கும். உங்கள் தாத்தா ஓரத்தில் பென்சிலில் என்ன எழுதினார் என்பது உங்கள் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. இங்கே நிறுத்து, இந்தச் சரணம் வேண்டாம், லத்தீன் வரிக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, இப்படி ஏதாவது இருந்தால் சுத்தம் செய்கிறேன் என்று ரப்பரை எடுத்துவிடாதீர்கள். புதுச்சேரிக் கோயிலில் உண்மையில் எப்படிப் பாடினார்கள் என்பதற்குச் சாட்சி அந்தக் கிறுக்கல்தான். செல்லோடேப் ஒட்டாதீர்கள், ரப்பர் பேண்ட் போடாதீர்கள், ஸ்டேப்ளர் கூடவே கூடாது. பெட்டியில் இருந்த வரிசை கலையாமல் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, முதலில் கோயிலிலேயே கேளுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை புதுச்சேரியிலும் இருக்கிறது, ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் அரசாங்கக் காகிதம், அதனால் கட்டைத் தூக்கிக்கொண்டு நேரே போய் நிற்காமல் போனில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: நம் சங்கீதம் காதால் கேட்டுக் கற்பது. இசைத் தாள் எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்தானே? நம் நூலகங்களில் அதற்கு என்ன வேலை?
– கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பாதி சரி தம்பி. காதால் கற்பது என்பது சரி. மற்றதுதான் இடிக்கிறது. தஞ்சாவூரில் மன்னர் இரண்டாம் சரபோஜி அரண்மனைக்கு என்று ஐரோப்பிய பாணி பேண்டு வைத்திருந்தார், அவர் காலத்து மேற்கத்திய இசைத் தாள்கள் இன்றும் அங்கே சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டை பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் (பாட்டு வரிகள்) எழுதினார். அவருடைய 'சந்ததம் பாஹிமாம்' பாடிப் பாருங்கள், இங்கிலாந்து தேசிய கீத மெட்டு வந்து நிற்கும்.

அப்புறம் சின்னசாமி முதலியார். நம் கீர்த்தனைகளை ஐந்து கோட்டில் எழுதி 1890-களில் சென்னையில் அச்சிட்டவர். முத்துசுவாமி தீட்சிதர் குடும்பத்தில் வந்த எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரிடம், கைவசம் இருக்கும் கீர்த்தனைகளையெல்லாம் அச்சில் கொண்டுவாருங்கள் என்று நச்சரித்தவரும் இவர்தான். அதன் பலன் 1904-இல் வந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. அது தெலுங்கு எழுத்தில் வந்தது, தமிழ் எழுத்தில் பின்னாளில் சென்னை மியூசிக் அகாடமி வெளியிட்டது. வெறும் 'ரி' என்று எழுதினால் அந்த ரி எப்படி அசைகிறது என்பது தெரியாதே, அதற்காக கமகம் எனும் அந்த அசைவு ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி வைத்து அச்சடித்திருக்கிறார்கள். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் அந்தக் குறிகளையெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். 1917-இல் ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை நூல், அப்புறம் தமிழிசை இயக்கம் சூடாக இருந்தபோது உங்கள் சிதம்பரத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சுரதாளக் குறிப்போடு வெளியிட்ட பாடல் தொகுதிகள். பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இன்னொன்று. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம், தனியாக அச்சான இசைத் தாளையும் 'புத்தகம்' என்ற கணக்கில்தான் சேர்க்கிறது. வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒன்று, சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒன்று என்று அனுப்பியாக வேண்டும். எத்தனை பேர் அனுப்பினார்கள் என்பது வேறு கதை.

கேள்வி: செயின்ட் லூயி வீதி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் பிரெஞ்சுப் புத்தகம்தானே இருக்கும்?
– வாசகர், வில்லியனூர்

பதில்: பெயரைப் பார்த்து எல்லோரும் ஏமாறும் இடம் அது. 1955-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் சைவ ஆகம ஓலைச்சுவடிகள்தான் பெரிய சொத்து, புதுச்சேரியின் சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. கோயில் புகைப்படங்கள் லட்சத்துக்கு மேல். உலர்த்தி ஒட்டிய செடிகள், மகரந்தத் துகள் ஸ்லைடுகள் கூட உண்டு. சிற்பம் பார்ப்பவரும் காட்டு மரம் ஆராய்பவரும் ஒரே வாசலில்தான் நுழைய வேண்டும். என்ன தேடுகிறீர்கள் என்று தெளிவாக எழுதி முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நூலகத்தில் எடுத்த பாட்டு நொட்டேஷனை ஸ்கேன் செய்து என் யூடியூப் சேனலில் காட்டலாமா?
– பாட்டு டீச்சர், லாஸ்பேட்டை

பதில்: பதிப்புரிமைச் சட்டப்படி, இயற்றியவர் இறந்து 60 ஆண்டு முடிந்திருக்க வேண்டும், இறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து கணக்கு. ஆபிரகாம் பண்டிதர் 1919-இல் காலமானவர், பிரச்சினையே இல்லை. பாபநாசம் சிவன் 1973-இல் காலமானார், ஆகவே 2033 முடியும்வரை பொறுக்க வேண்டும். பாட்டு பழையதாக இருந்தாலும் நொட்டேஷன் எழுதியவர் வேறு ஆளாக இருப்பார், அவருக்கும் தனியாக இதே கணக்குப் போட வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உங்கள் சொந்தப் படிப்புக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வதில் தவறில்லை.