சின்ன அரங்கில் மலோயா: எங்கே நிற்பது, எப்போது போவது?

கேள்வி: புதுச்சேரியிலிருந்து வந்து, பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், சேன் தெனியில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு சின்ன பாரில் இந்தத் தீவின் இசையான மலோயா கேட்கப் போனேன். எட்டு மணி என்று போட்டிருந்தார்கள், தொடங்கும்போது ஒன்பதரை. ஸ்பீக்கர் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. மறுநாள் மதியம் வரை காதில் இரைச்சல். திரும்பிவர பஸ்ஸும் இல்லை. ஆனாலும் அந்தத் தாளம் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த முறை மனைவியையும் ஒன்பது வயது மகளையும் அழைத்துப் போக ஆசை. என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் காது. ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மறுநாள் வரை இரைந்தது என்றால் உட்செவியின் மயிர்ச்செல்கள் அடி வாங்கியிருக்கின்றன. ஒருமுறை என்றால் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் செத்த செல் மறுபடி முளைக்காது. இரைச்சல் இன்னும் இருந்தால் காது மருத்துவரைப் பாருங்கள்.

100 டெசிபல் சத்தத்தைக் காது 15 நிமிடம்தான் பத்திரமாகத் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. 3 டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகிவிடும். பிரான்சில் 2017இல் வந்த விதி 15 நிமிடச் சராசரியாக 102 டெசிபல் வரை அனுமதிக்கிறது. அதாவது, விதிப்படி நடக்கும் இடத்திலேயே முழுக் கச்சேரியையும் வெறும் காதோடு கேட்கக் கூடாது. அதே விதி காதடைப்பானை இலவசமாகத் தரவும் சொல்கிறது. பார் மேசையில் ‘பூஷோன்’ என்று கேளுங்கள், தருவார்கள்.

அப்புறம் நிற்கும் இடம். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே வேண்டாம், பின்சுவர் மூலையும் வேண்டாம். மூலையில் கனத்த ஒலி தேங்கிப் பாட்டின் சொற்களை மூழ்கடித்துவிடும். ஒலிக்கட்டுப்பாட்டு மேசை எங்கே என்று பார்த்து அதற்கு அருகில் நில்லுங்கள். அங்கே கேட்பதை வைத்துத்தான் ஒலிக்காரர் எல்லாவற்றையும் சரிசெய்கிறார்.

இதெல்லாம் மைக் வைத்துப் பாடும் இடத்துக்கு. மைக் இல்லாமல், முற்றத்திலோ மரத்தடியிலோ வட்டமாகக் கூடிப் பாடும் ‘கபார்’ கிடைத்தால் கணக்கு தலைகீழ். தயங்காமல் முன்னே போங்கள். மலோயா பிறந்ததே அப்படித்தான். கரும்புத் தோட்டத்து அடிமைகளின் இசை அது. பின்னால் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்களும் அதில் கலந்தார்கள். சேன் பெனுவா ஊரின் மலோயாப் பாடகர் கிரான்முன் லேலே இந்திய, மடகாஸ்கர் வேர்கள் இரண்டும் உள்ளவர். 2004இல் மறையும்வரை சொந்தப் பிள்ளைகளையே குழுவாக வைத்துப் பாடினார். வெகுகாலம் அதிகாரிகள் முகம் சுளித்த இந்த இசையை 2009இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

கபாரில் பாட்டு தொடங்குவதற்கு அரை மணி முன்னாலேயே போய்ச் சேருங்கள். மாட்டுத்தோல் போட்ட பீப்பாய் முரசு ‘ரூலேர்’. அதன் தோலைச் சில சமயம் நெருப்பருகே காட்டி விறைப்பாக்குவார்கள். நம் கோயில் பறை காய்ச்சும் அதே வேலை. பிறகு அதைப் படுக்கவைத்து, மேலே ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் அடிப்பார்கள். பக்கத்தில் ‘கயாம்ப்’. கரும்புப் பூத்தண்டுகளைப் பாய்போல நெருக்கிக் கட்டிய தட்டைப் பெட்டி, உள்ளே விதைகள். அதற்குக் கல்வாழை விதையும் போடுவதுண்டு. இரண்டு முழ தூரத்தில் நின்று கேளுங்கள், முறத்தில் அரிசி புடைப்பது போல இருக்கும். மைக் வழியாக வரும்போது அந்த உரசல் பாதி காணாமல் போய்விடும். நான் சின்ன இடங்களை விரும்பக் காரணமே அதுதான்.

தாளம் பெரும்பாலும் மும்மூன்றாக நடக்கும், நம் கணக்கில் திஸ்ரம். புதிதாக வருபவர்கள் நாலு நாலாகக் கைதட்டித் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கயாம்ப் ஆட்டுபவரின் கையைப் பாருங்கள், தாளத்தை உங்கள் காலே சொல்லிவிடும். ஒருவர் ஒரு வரி எடுத்துக் கொடுக்க, கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். தீவின் பேச்சுமொழியான கிரியோல் தெரியாவிட்டால் பரவாயில்லை. இரண்டு சுற்றுக் கேட்டுவிட்டு மூன்றாவதில் சேர்ந்துகொள்ளுங்கள். வாய் மூடி நிற்பதைத்தான் அங்கே வித்தியாசமாகப் பார்ப்பார்கள்.

இடம் என்றால், லெ போர் ஊரில் கபார்டாக், சேன் லே ஊரில் லெ செஷ்வார் என்ற அரங்குகள் இரண்டின் நிகழ்ச்சிப் பட்டியலையும் பார்த்துக்கொண்டே இருங்கள். பார்களைவிட அங்கே நேரம் ஒழுங்காக இருக்கும், குடும்பத்தோடு போகவும் வசதி. பாரில் எட்டு மணி என்றால் கதவு திறக்கும் நேரம் என்று வைத்துக்கொண்டு வீட்டில் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். டிசம்பர் 20 வாக்கில் தீவெங்கும் கபார் நடக்கும். 1848இல் அடிமை முறை ஒழிந்த நாள் அது. தீமிதிக்கு விரதம் இருக்கும் காலமும் அதை ஒட்டியே வரும். வாசிப்பவர்களில் மல்பார் (இங்கே தமிழ் வழிவந்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள்) யாராவது ‘கரேம்’, அதாவது விரதம், என்று சொல்லி பீரை மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.

திரும்பும் வழியைப் போகும் முன்பே முடிவு செய்யுங்கள். ஊர்விட்டு ஊர் போகும் ‘கார் ஜோன்’ பஸ்கள் மாலையோடு ஓய்ந்துவிடும், இரவில் நம்பக் கூடாது. சொந்த வண்டி என்றால் ஓட்டுபவர் குடிக்க வேண்டாம். இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, புதிதாக உரிமம் எடுத்தவருக்கு 0.2.

மகளுக்கு நுரைக் காதடைப்பான் சரியாக உட்காராது. தலையைச் சுற்றி மாட்டும் காதுக்கவசம் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் அரை மணி நேரம் போட்டுப் பழக்கிய பிறகு அழைத்துப் போங்கள். முதல் தடவைக்கு ஞாயிறு பிற்பகலில் மைக் இல்லாமல் நடக்கும் கபாராகத் தேடுங்கள். அங்கே அவள் வயதுப் பிள்ளைகள் கயாம்ப் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். கேட்டால் ஒரு சுற்று அவள் கையிலும் கொடுப்பார்கள்.