மாலை 7 மணிக்கு மேல் ஆர்டிகே ஃபிக்ஸ் நிற்கவில்லை: பதில்

ஆர்டிகே (செயற்கைக்கோள் சிக்னலை வைத்து சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் காணும் முறை) மாலையில் தடுமாறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். ரிசீவரை மாற்ற வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம், மார்ச் மாதம், இருட்டிய பிறகு மட்டும் ஃபிக்ஸ் (முழுத் துல்லிய நிலை) போய் ஃப்ளோட்டுக்கு (துல்லியம் குறைந்த நிலை) இறங்குகிறது என்றால் பெரும்பாலும் அயனி மண்டலம்தான் (வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டத் துகள்கள் நிறைந்த பகுதி) காரணம்.

பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கத்தை ஒட்டித்தான் போகிறது (1963-ல் தும்பாவில் ராக்கெட் ஏவியதும் அதனால்தான்). பொழுது சாய்ந்ததும் மின்புலம் கொஞ்ச நேரம் வலுத்து அயனிப் படலத்தை மேலே தூக்கும். அடியிலிருந்து அடர்த்தி குறைந்த பிளாஸ்மா (அயனி வாயு) குமிழிகள் கிளம்பும். அவற்றின் ஊடே வரும் சிக்னல் நடுங்கும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபரில், அதுவும் சூரியச் செயல்பாடு உச்சத்தில் உள்ள ஆண்டுகளில், தொல்லை அதிகம்.

"கேபி (பூமியின் காந்தப்புலக் கலக்கத்தை 0 முதல் 9 வரை காட்டும் எண்) 2 தானே, காந்தப் புயலே இல்லையே" என்கிறீர்கள். கேபியை நம்பாதீர்கள். அமைதியான நாளிலும் குமிழி வரும். புயல் சில சமயம் அதை அடக்கியும் விடும்.

இரவு 8 முதல் 11 வரை ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல் வலிமையையும் நொடிக்கு ஒருமுறை பதியுங்கள். சில மட்டும் துள்ளி, மற்றவை சீராக இருந்தால் குமிழிதான். எல்லாம் ஒன்றாக விழுந்தால் ஆன்டெனா கேபிளைப் பாருங்கள்.

நள்ளிரவுக்குப் பின் பொதுவாக அடங்கும். புயல் நாளில் விடியும்வரை நீளலாம், அவசர வேலையைப் பகலிலேயே முடியுங்கள்.