சிப்பாயின் அங்கி – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் பங்குக் கோவிலில் இந்தத் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போடுகிறோம். உடைகள் என் பொறுப்பு. ரோமைச் சிப்பாய்களுக்கு எப்போதும்போலச் சிவப்புத் துணி எடுத்துவிட்டேன். கல்லூரியில் படிக்கும் தங்கை மகன் ஒரு வீடியோவைக் காட்டி, “சிப்பாய்க்கு வெள்ளை, நூற்றுவர் தலைவனுக்குச் சிவப்பு, கப்பற்படைக்கு நீலம். நீங்கள் செய்வது தப்பு மாமா” என்கிறான். காயம்பட்டால் இரத்தம் தெரியக்கூடாது என்றுதானே சிவப்பு? எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

ஆ.

அன்புள்ள ஆ.,

பட்டியல் கிடையாது. இந்தப் பதவிக்கு இந்த நிறம் என்று சொல்லும் ஒரு ரோமை ஆணை ஏடுகூட இதுவரை நம் கைக்கு வரவில்லை. பிரிட்டனிலிருந்து யூப்ரட்டீஸ் வரை சிதறிக் கிடந்த படை அது. வீடியோக்காரர்கள் அதை ஒரு பள்ளிக்கூட யூனிஃபார்முக்குள் அடைத்துவிடுகிறார்கள். நீலம், வேவுப் படகுகள் கடலோடு கடலாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. ரோமைப் போர்க்கலை நூல் எழுதிய வெகேத்தியுஸ் சொல்கிறார். உங்கள் நாடகத்தில் படகு இல்லை, விடுங்கள்.

இரத்த விஷயத்தில் உங்களைத் திட்டத்தான் வேண்டும். ஸ்பார்ட்டாக்காரர்கள் இரத்தம் தெரியாமலிருக்கச் சிவப்பு உடுத்தினார்கள், பழைய ரோமையரும் அதை எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதியவர்களில் ஒருவர் செவில் நகரத்து ஆயர் இசிதோர். அவர் இறந்தது 636-இல். ஆயர், பாவம், துணி துவைத்திருக்க மாட்டார். நீங்களுமா? சிவப்புத் துணியில் இரத்தம் காய்ந்தால் கறுத்து, பொருக்குத் தட்டி நிற்கும். வீட்டில் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பதினொரு வயதில் நானும் பாஸ்காவில் சிப்பாய். பழைய மல்துணியைக் கோவில் சமையல் அண்டாவில் போட்டுச் சாயம் முக்கினார்கள். மார்புக் கவசம் அட்டையில் ஒட்டிய ஜிகினாத் தாள், தலைக்கவசத்தின் கொண்டை தென்னந்துடைப்பம். சிலுவைப்பாதையில் வியர்த்து வழிந்தபோது சாயம் மொத்தமும் என் நெஞ்சில் இறங்கியது. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள், ஆணி பிடிக்கும் ஆளுக்கே ஆணி ஏறிவிட்டது என்று நினைத்து. மறுநாள் அந்தத் துணியோடு ஊறிய அப்பாவின் ஒரே வெள்ளை வேட்டி ரோஜா நிறத்தில் வெளியே வந்தது. ஈஸ்டர் திருப்பலிக்கு அப்பா அதைத்தான் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்போது துணிக்கணக்கைக் கேளுங்கள். 138-ஆம் ஆண்டு, எகிப்தின் பிலடெல்பியா ஊர் நெசவாளர்களுக்குக் கப்பதோக்கியாவில் (இன்றைய துருக்கியில்) இருந்த ரோமைப் படைக்காக ஒரு கொள்முதல் உத்தரவு. இடையில் கட்டும் வெள்ளை அங்கி ஒன்று, நீளம் மூன்றரை முழம், அகலம் மூன்று முழம் நாலு விரல், அதன் கணக்கில் கொடுத்தது 24 திராக்மா வெள்ளிக்காசு. நூல் அழுக்கில்லாத மெல்லிய வெள்ளைக் கம்பளியாக இருக்க வேண்டும், ஓரம் ஒழுங்காக முடிந்திருக்க வேண்டும். நம் ஊர் முழக்கணக்குதான், அளவை அப்படியே தையற்காரரிடம் கொடுங்கள். இன்னொன்று, யூதேயாவின் மசாதா கோட்டையில் கிடைத்த, ரோமைச் சிப்பாய் ஒருவனின் சம்பளச் சீட்டு. பெய்ரூட் ஆள், காயுஸ் மெஸ்ஸியுஸ். சம்பளம் 50 தெனாரி, ரோமை வெள்ளிக்காசு. பிடித்தம்: வாற்கோதுமைக்கு 16, சாப்பாட்டுக்கு 20, காலணிக்கு 5, தோல்வாருக்கு 2, லினன் அங்கிக்கு 7. கூட்டிப் பாருங்கள். கையில் ஒரு காசு மிஞ்சவில்லை.

அங்கியைச் சிப்பாய் தன் காசில் உடுத்தினான் ஐயா. ஆகவே சாயமேற்றாத கம்பளியின் மங்கல் வெள்ளை எங்கும் இருந்தது. மஞ்சிட்டி வேரில் முக்கிய மலிவுச் சிவப்பும் இருந்தது. வெள்ளையிலும் சாதி உண்டு. கி.பி. 69-இல் பேரரசர் வித்தெல்லியுஸ் ரோமுக்குள் நுழைந்தபோது, கழுகுக்கொடிகளுக்கு முன்னே பாசறைத் தலைவர்களும் மூத்த நூற்றுவர் தலைவர்களும் பளிச்சிடும் வெள்ளையில் நடந்தார்கள் என்று ரோமை வரலாற்றாசிரியர் தாசிதுஸ் குறித்துவைக்கிறார். வண்ணானுக்குக் காசு கொடுக்க முடிந்தவர்களின் வெள்ளை அது. மருமகப்பிள்ளை சொன்ன கணக்கு இதிலேயே தலைகீழாகிவிடுகிறது.

சிவப்பு அங்கிக்குத் தெளிவான பொருள் இருந்த இடம் தளபதியின் கூடாரத்து உச்சி. கி.மு. 216-இல் கன்னே போர்க்களத்தில் ரோமைத் தளபதி வர்ரோ தன் கூடாரத்துக்கு மேலே அதை ஏற்றினான் என்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். இன்று போர் என்று அர்த்தம்.

பிலாத்துவின் சிப்பாய்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்திலேயே சேர்க்கப்பட்ட துணைப்படைக்காரர்கள் என்பதை உங்கள் இயக்குநரிடம் சொல்ல வேண்டாம், வசனம் முழுக்க மாற்ற வேண்டிவரும்.

அங்கியை முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டுங்கள். கீழே இறக்கினால் பெண்கள் உடை, மேலே ஏற்றினால் நூற்றுவர் தலைவன் உடை என்று பேச்சாளர்களுக்குப் பாடம் சொல்கிறார் ரோமைப் பேச்சுக்கலை ஆசிரியர் குயின்டிலியன். சிலுவையடியில் நாலு சிப்பாய்கள் இயேசுவின் அங்கிக்குச் சீட்டுப்போடும்போது எங்கள் காலத்தில் செய்ததுபோல் கொக்கரித்துச் சிரிக்கவிடாதீர்கள். தையலே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை நெய்த அங்கி அது. ஒருத்தன் அதை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கட்டும், ஜவுளிக்கடையில் நாம் பார்ப்போமே, அதுபோல.

எடுத்த சிவப்புத் துணியைத் திருப்பிக் கொடுக்க அலைய வேண்டாம். இயேசுவின் தோளில் போட்ட மேலங்கியை மத்தேயு சிவப்பு என்றுதான் சொல்கிறார், மேலங்கிக்கு அது ஆகும். மேடைக்கு முன்னால் இரண்டு தரம் தண்ணீரில் அலசி, தனியாகக் காயப்போடுங்கள்.