மூன்றாம் வருடச் சித்திர மாணவி ஒருவரின் தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் பயிலும் உங்கள் மகள், இரண்டாம் வருடத்தின் இறுதியிலிருந்து வரைவதைக் குறைத்துக்கொண்டு, தமக்கென்று சொல்ல எதுவும் இல்லை, மற்றவர்கள் வரைவதையே தாமும் வரைகிறார் என்று அடிக்கடி சொல்வதாக எழுதியிருந்தீர்கள். படிப்பை இடையில் நிறுத்திக் கனடாவிலுள்ள சித்தியிடம் அனுப்புவதா, கணினிக் கற்கைநெறி ஒன்றில் சேர்ப்பதா என்று வீட்டில் பேச்சு நடப்பதையும் அறிந்தேன். நிறுத்த வேண்டாம் என்பதே என் பதில். மகள் என்னைச் சந்தித்துப் பேசிய பின்னர், அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றுடன் ஒன்று சிக்கிக் கிடக்கின்றன. என்னத்தை வரைவது, நான் யார் என்பது மகளின் கேள்வி. இதை வைத்து எப்படிப் பிழைப்பது என்பது உங்களுடையது. மகள் தம் கேள்வியுடன் வரும்போதெல்லாம் நீங்கள் உங்கள் கேள்வியைப் பதிலாகக் கொடுக்கிறீர்கள். நீங்கள் உத்தியோகம் பற்றிக் கேட்டால் அவர் கலை பற்றிப் பேசுகிறார். இரண்டும் நியாயமான கேள்விகள்தாம், ஆனால் இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே விடை கிடைக்காது. பட்டம் முடியும் வரையிலாவது அவற்றைத் தனித்தனியே வைத்துப் பேச வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கலை மாணவர்களிடம் இத்தகைய தடுமாற்றம் வழமையானது. நோயென்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நித்திரை குலைந்து, சாப்பாடு குறைந்து, வாரக் கணக்கில் வகுப்புக்குப் போகாமல், வாழ்வதில் பிடிப்பில்லை என்ற தொனியில் பேசத் தொடங்கினால் காத்திருக்கக் கூடாது. பல்கலைக்கழக மாணவர் ஆலோசகரையோ போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ நாடுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. நான் பார்த்தளவில் மகளிடம் அப்படியான அறிகுறிகள் இல்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறார், என்னுடன் நன்றாகவே வாதாடினார்.

வந்தபோது தம் வரைபுக் கொப்பிகளையும் கொண்டுவந்திருந்தார். பனைமரங்கள், கோட்டை மதில், முள்ளுக்கம்பி, முகத்தை மூடி அழும் பெண், கூரையற்ற வீடு என்று பக்கங்கள் நகர்ந்தன. கை தேர்ந்த கைதான், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை கைத்தொலைபேசியில் கிடைத்த புகைப்படங்களைப் பார்த்து வரையப்பட்டவை என்பதை அவரே சொன்னார். கொப்பியின் கடைசி மட்டைக்குள் மடித்துச் செருகியிருந்த ஒரு மின்கட்டணப் பட்டியலின் பின்புறத்தில், நீலப் பேனையால், தையல் மெஷினுக்கு முன்னால் குனிந்திருக்கும் உங்கள் மனைவியின் கைகளை வரைந்திருந்தார். நூலின் நுனியை நனைத்துத் திரித்து ஊசியின் கண்ணுக்குள் செலுத்தும் இரண்டு விரல்கள், கழுத்திலிருந்து தொங்கும் அளவு நாடா, பிளவுஸ் துணியில் சோக்கால் இட்ட கோடுகள், கழற்றி வைத்த பொபின் என ஒரு சிறு தாளுக்குள் பல தடவை பார்த்து வரைந்த கோடுகள் இருந்தன. இதை விரிவுரையாளருக்குக் காட்டினீர்களா என்று கேட்டேன். ‘அது சும்மா கீறினது, அது ஓவியமில்லை’ என்றார்.

மகளின் சிக்கல் முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்து ஓவியம் என்றால் இன்னின்னதுதான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம் பிள்ளைகளின் தலையில் மிகச் சிறு வயதிலேயே ஏறிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் பார்வையாளர் போரை எதிர்பார்க்கிறார். புலம்பெயர்ந்த உறவினர் வரவேற்பறையில் மாட்டப் பனையையும் நல்லூர்க் கோபுரத்தையும் கேட்கிறார். மகள் 2004 இல் பிறந்தவர். போர் முடிந்த 2009 மே மாதத்தில் அவருக்கு ஐந்து வயது. தம் கண்ணால் காணாத ஒன்றைத் தம் அடையாளமாக வரைய வேண்டியிருப்பதும், அதை எத்தனை திறமையாக வரைந்தாலும் உள்ளே பொய்யாகத் தோன்றுவதும் அவரை வருத்துகின்றன. பொய்யைப் பொய்யென்று உணர்கிற அளவுக்கு அவர் நேர்மையாக இருக்கிறார். இதைக் குறையாக எண்ணாதீர்கள்.

அப்படியானால் போரைத் தொடவே கூடாதா என்று கேட்டால், அதுவுமில்லை. எந்த வழியாகத் தொடுவது என்பதே கேள்வி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் இழந்த வீடுகளின் தரைப்படங்களை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டு, அவற்றைக் கொண்டு ஒரு நூலை உருவாக்கினார். அது 2011 இல் வெளிவந்தது. பழைய காணிப் பதிவேடான தோம்பின் பெயரையே அதற்கும் வைத்தார். அந்தத் தரைப்படங்களில் குண்டும் இல்லை, கண்ணீரும் இல்லை. கிணறு எங்கே, சாமியறை எங்கே, வாசல் எந்தத் திசையில் என்பவை இருக்கின்றன. ஓவியர் தம் அடையாளத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு வரையத் தொடங்கினார் என்று எனக்குத் தோன்றவில்லை. மற்றவர்களிடம் ஒரு சின்னக் கேள்வியைக் கேட்டார், கேட்டதைப் பொறுமையாகச் சேகரித்தார், அவருடைய குரல் அந்த வேலைக்குள் உருவாயிற்று.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் வலிகாமத்து மக்கள் முழுவதும் வீடுகளை விட்டு வெளிக்கிட்டபோது நீங்கள் பதின்ம வயதில் இருந்திருப்பீர்கள். நாவற்குழிப் பாலத்தை எப்படிக் கடந்தீர்கள், சைக்கிள் கரியரில் எதைக் கட்டினீர்கள், எதை விட்டுவிட்டு வந்தீர்கள் என்பதை மகளுக்கு ஒருபோதும் சொன்னதில்லை என்று அவர் சொன்னார். சொல்ல விரும்பாவிட்டால் சொல்ல வேண்டாம். அது உங்கள் உரிமை. சொல்ல முடியுமென்றால், ஒரு பின்னேரம் உட்கார்ந்து, அறிவுரை எதுவும் கலக்காமல், பொருட்களைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

இனி மகளுக்கு நான் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனெனில் வீட்டில் நீங்கள் அவற்றுக்கு இடங்கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குப் புகைப்படத்தைப் பார்த்து வரைவதில்லை என்று ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும், நல்லதோ கெட்டதோ, நேரில் பார்த்து ஒரு தாள் வரைய வேண்டும். ஒரே பொருளை, ஒரே இடத்தை, சலிப்பு வந்த பிறகும் தொடர வேண்டும்; சலிப்புக்குப் பிறகுதான் பார்வை தொடங்குகிறது என்பது என் அனுபவம். திருநெல்வேலிச் சந்தையில் காலையில் மரக்கறி இறக்குகிறவர்கள், குருநகர்க் கரையில் வலை தைக்கிறவர்கள், திருவிழா முடிந்து வாகனசாலைக்குள் நிறுத்திவைத்த வாகனங்களின் மங்கிய வர்ணம், தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் ஏற்றும் விசித்திரப் பட்டங்கள் தாள் ஒட்டப்படுவதற்கு முன் வெறுஞ் சட்டகமாகக் கிடக்கும் நிலை என்று சிலவற்றை நான் குறிப்பிட்டேன். மகள் தையல் மெஷினையே தெரிவுசெய்தார். ஆகவே அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் மனைவி தைக்கும் இடத்தில் ஒரு கதிரை கூடுதலாக இருக்கும். ‘வேற வேலை இல்லையோ’ என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றியும் கவலைப்பட்டிருந்தீர்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் இறக்குமதி வர்ணமும் கன்வஸும் மாணவர் கைக்கு எட்டாத விலைக்குப் போயின என்பது உண்மைதான். வகுப்பு வேலைகளுக்கு அவை தேவை. ஆனால் நாளாந்தப் பயிற்சிக்குக் கரியும் பேனையும் பொதி சுற்றும் மண்ணிறத் தாளும் போதும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சித்திரப் பட்டதாரிக்கு நம் பகுதியில் மிகவும் அறிமுகமான வழி ஆசிரியத் தொழில். போட்டிப் பரீட்சை, நேர்முகம், நியமனத்துக்குப் பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா என்று அது போகும். நியமனங்கள் அரசு விண்ணப்பம் கோரும்போதே கிடைக்கும், காத்திருப்பு நீளலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதே வேளையில், ஆசிரியரானால் ஓவியர் செத்துவிடுவார் என்று சில மாணவர்கள் பேசுவதை நான் ஏற்பதில்லை. 1938 இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் சித்திரக் கழகம் என்ற ஓவியர் அமைப்பை முன்னின்று அமைத்த எஸ்.ஆர். கனகசபை சித்திரம் கற்பித்தவர். 1933 இல் பிறந்து 2000 இல் மறைந்த யாழ்ப்பாண ஓவியர் அ. மாற்கு பாடசாலைச் சித்திர ஆசிரியர். அவருடைய ஓவியங்களில் பெருந்தொகை போர்க்கால இடப்பெயர்வுகளில் அழிந்துபோயிற்று, ஆனால் அவரிடம் பயின்றவர்கள் இன்றும் வரைகிறார்கள். யாழ்ப்பாணத்தின் நவீன ஓவியம் வகுப்பறைகளுக்குள்ளேதான் வளர்ந்தது.

இரண்டாவது வழி வடிவமைப்பு. பட்டத்தின் பெயரிலேயே அச்சொல் இருந்தும் மாணவர் பலர் அதைக் கீழாகப் பார்க்கின்றனர். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவு நூலான கல்வெட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அட்டையில் பூமாலைச் சட்டத்துக்குள் படம், உள்ளே திதி வெண்பா, தேவாரம், வம்சாவளி, நன்றி நவிலல். ஒரு குடும்பத்தின் முழு வரலாறும் சில நாள்களுக்குள் பக்கங்களில் அடங்க வேண்டியிருப்பதால், எழுத்துரு நெருங்கியும் படங்கள் இழுபட்டும் அவசர கதியில் அது அச்சாகிறது. அதை நேர்த்தியாகச் செய்யத் தெரிந்த ஒருவருக்கு இங்குள்ள அச்சகங்களிலும் புலம்பெயர் குடும்பங்களிடமும் வேலை உண்டு. அதற்குப் போட்டோஷொப், பக்க வடிவமைப்பு மென்பொருள் ஆகியவற்றுடன், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான உரையை யுனிகோடுக்கு மாற்றிப் பிழை பார்க்கும் பொறுமையும் வேண்டும். நீங்கள் எண்ணிய கணினிக் கற்கைநெறியை நான் மறுக்கவில்லை. பட்டத்தை விட்டுவிட்டுச் சேராமல், மூன்றாம் வருட விடுமுறையில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். சிறுவர் நூல்களுக்குப் படம் வரைதல், அசைவூட்டம், துணி வடிவமைப்பு என்பவையும் இதே அடித்தளத்தில் நிற்கின்றன. அவற்றுக்கு ஆங்கிலம் கூடுதலாகத் தேவைப்படும்.

புகைப்படத்தைப் பார்த்து இறந்தவரின் உருவப்படம் வரைந்து தரச் சொல்லியும், பனந்தோப்பு வேண்டுமென்றும் வெளிநாட்டிலிருந்து வரும் ஓடர்களை மகள் வெறுக்கிறார். கைச்செலவுக்குச் செய்யலாம், வெட்கமில்லை என்றேன். முற்பணம் வாங்காமல் தூரிகையைத் தொடக் கூடாது, உறவினரானாலும். ஆறு மாத ஒப்பந்தத்துக்கு இவை மட்டும் விலக்கு.

கனடாப் பயணத்தைப் பொறுத்தவரை, விடுமுறையில் போய்வருவதில் தவறில்லை. ஆனால் மூன்றாம் வருடத்தில் பதிவை விட்டுவிட்டுப் போனால், அங்கே மீண்டும் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டிவரலாம். பட்டச் சான்றிதழும் வேலைத் தொகுப்பும் கையில் இருந்தால் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பேசுவதற்கு ஏதாவது இருக்கும். அதனால் ஒவ்வொரு முடிந்த வேலையையும் நல்ல பகல் வெளிச்சத்தில் படம்பிடித்து, அளவு, ஊடகம், திகதி எழுதி, இரண்டு இடங்களில் சேமித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஊரில் ஓவியங்கள் அழிந்த கதை நமக்குத் தெரியும். வேலைவாய்ப்புப் பற்றிய பேச்சை நான்காம் வருடத் தொடக்கத்தில், மகளையும் வைத்துக்கொண்டு, ஒரு நாள் குறித்துப் பேசுங்கள். அதுவரை சாப்பாட்டு மேசையில் அதை எடுக்காதிருப்பது நல்லது.

‘பிள்ளை என்ன படிக்குது, படம் கீறவோ?’ என்று கலியாண வீடுகளில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வதென்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். நுண்கலைமாணி, சித்திரமும் வடிவமைப்பும், நாலு வருடச் சிறப்புப் பட்டம் என்று முழுப் பெயரையும் சொல்லலாம். ‘ஓம், படம்தான் கீறுகிறா, இப்ப மூன்றாம் வருடம்’ என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனாலும் போதும்.