"கடமைதானே, இதில் என்ன பெருமை?"

கேள்வி: அடுத்த மாதம் 60 வயது முடிந்து பணி ஓய்வு பெறுகிறேன். பிரிவு உபசார மலருக்கு 'என் வாழ்வில் நான் பெருமைப்படும் மூன்று சாதனைகள்' என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். மகன் டெக்சாஸில் நல்ல வேலையில் இருக்கிறான், அதை எழுதலாம். வேறு என்ன எழுதுவது? விருது, பட்டம் எதுவும் வாங்கியதில்லை. பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை 4 வருடம் பார்த்துக்கொண்டேன், கடைசிவரை படுக்கைப் புண் வரவில்லை. 20 வருட வீட்டுக் கடனைப் போன மாதம் அடைத்தேன். 51 வயதில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றேன். ஆனால் இதெல்லாம் எல்லாரும் செய்கிற கடமைதானே, இதில் என்ன பெருமை?
– ஒரு வாசகி, கொளத்தூர், சென்னை-99

பதில்: மகனைப் பற்றிய வரியை முதலில் அடித்துவிடுங்கள். அந்த வேலையை வாங்கியவர் அவர். அவருக்கும் ஒரு நாள் பிரிவு உபசார மலர் வரும், அதில் அவரே எழுதிக்கொள்வார். அவரை வளர்த்ததில் உங்கள் பங்கு பெரிது. அதை எழுத விரும்பினால் நீங்கள் செய்ததை மட்டும் எழுதுங்கள். எந்த வருடம் எந்தச் செலவைக் குறைத்து எந்த ஃபீஸைக் கட்டினீர்கள், எந்தப் பாடத்தைக் கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தீர்கள், அவ்வளவுதான். டெக்சாஸும் சம்பளமும் உங்கள் கணக்கில் வராது.

அடுத்தது விருது. நம்ம சென்னைப் பையன் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் செஸ் சாம்பியன் ஆனார், வயது 18. ஊரே கோப்பையைக் கொண்டாடியது. ஆனால் அந்தக் கடைசி, 14-ஆவது ஆட்டத்தைப் பாருங்கள். குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய்தான் கூடுதல். டிராவில்தான் முடியும் என்று பார்த்தவர்கள் பலரும் நினைத்த நிலை. டிராவுக்கு ஒத்துக்கொண்டு டை-பிரேக்கர் என்கிற வேக ஆட்டங்களுக்குப் போயிருக்கலாம். அவர் விடாமல் நகர்த்திக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்த்தலில், எதிரே ஆடிய அப்போதைய சாம்பியன் டிங் லிரன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார், பட்டம் கைமாறியது. டிரா ஆகிவிடலாம் என்று தெரிந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்த பொறுமைதான் அவருடைய சொத்து. கோப்பை அதன் பின்னால் வந்தது.

எந்தக் காரியத்தைப் பெருமையாகச் சொல்லலாம் என்பதற்கு எங்களிடம் ஒரே ஒரு சோதனை உண்டு. அது எங்கெங்கே கெட்டுப்போகும், ஏன் கெடும் என்று உங்களால் சொல்ல முடிகிறதா? சொல்ல முடிந்தால் அது உங்கள் கையால் நடந்த காரியம். உங்கள் மூன்றையும் அப்படிப் பார்ப்போம்.

மாமியாரை 'பார்த்துக்கொண்டேன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்களே! ஒரு பக்கம் செயலிழந்தவரை 4 வருடம் படுக்கையில் வைத்துப் புண் வராமல் காப்பது என்னவென்று அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்: இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் மொத்த எடையும் இடுப்பு எலும்பில் இறங்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்த வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கிற மாதிரி. இரவில் நல்ல காற்று மெத்தை இருந்தால் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம், அதுவும் காலையில் தோல் சிவக்காமல் இருந்தால்தான்.

காற்று மெத்தை வாங்கிப் போட்டாயிற்று, இனித் திருப்ப வேண்டியதில்லை என்று நினைக்கிற வீடுகளில்தான் புண் வருகிறது. கரன்ட் போனால் மோட்டார் நிற்கும், மெத்தை தட்டையாகும். அதற்கு மேல் ரெக்சின் விரிப்பு போட்டால் சென்னையின் மே மாத வியர்வையில் முதுகு ஊறிப்போகும். ஊறின தோல் சீக்கிரம் உரியும். பவுடரை அள்ளிக் கொட்டினால் மடிப்புகளில் கட்டி கட்டியாகத் தங்கி அறுக்கும். கீழே சரிந்தவரை மேலே இழுக்கும்போது தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகரும், உள்ளே சதை கிழியும். குறுக்கே மடித்துப் போட்ட ஒரு துணியை இரண்டு பேர் இருபக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தே தோள்மூட்டை இறக்கிவிட்டவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தோளைப் பிடித்து நிறுத்தத் தசையில் வலு இல்லை, இழுத்தால் வந்துவிடும்.

பிறகு தினமும் தோலைப் பார்ப்பது. வால் எலும்புப் பகுதி, இரண்டு இடுப்பு, குதிகால், கணுக்கால், காது மடல். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம்முடைய நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. அதனால் தொட்டுப் பார்த்து, பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. நடுவில் ஓட்டை வைத்த வளையத் தலையணை வைக்கவும் கூடாது, சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அது தடுக்கும்.

சாப்பாடு ஊட்டுவது தனி வேலை. நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியில், உணர்ச்சியுள்ள பக்கமாகக் கொடுக்க வேண்டும். விழுங்கிவிட்டார் என்று நாம் நினைப்போம். செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் ஒரு கவளம் சோறு அப்படியே இருக்கும். சாப்பாடு முடிந்ததும் துணி சுற்றிய விரலால் அதை வழித்து எடுக்காவிட்டால், படுக்க வைத்ததும் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டு விடும். ஊட்டி முடித்து அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. முட்டையோ பருப்போ தினமும் உள்ளே போகாவிட்டால், எத்தனை தரம் திருப்பினாலும் தோலுக்குத் தாங்கும் சக்தி வராது.

இதையெல்லாம் ஆபீசுக்கும் போய்க்கொண்டு 4 வருடம் செய்திருக்கிறீர்கள். பயிற்சி பெற்ற நர்சுகள் முறை வைத்துப் பார்க்கிற இடங்களிலேயே படுக்கைப் புண் வருவதுண்டு. "எல்லாரும் செய்கிற கடமை" என்கிறீர்கள். கடமை என்று தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். முதல் மாதம் எல்லாரும் திருப்புவார்கள். ஆறாவது மாதம் ராத்திரி 2 மணிக்கு எழுந்து திருப்புகிறவர்கள் குறைவு. கடமையாக இருப்பதால் அது சாதனை இல்லாமல் போய்விடாது. நீங்கள் எழுதிய ஐந்தாறு வரியில் மிகப் பெரிய விஷயம் இதுதான், அதைக் கடன் அடைத்த வரிக்குச் சமமாக வைத்திருக்கிறீர்கள். மலரில் பாதிப் பக்கம் இதற்குக் கொடுங்கள்.

வீட்டுக் கடனும் லேசுப்பட்டதல்ல. 20 லட்சம் ரூபாய், 9 சதவீதம், 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 17,995 ரூபாய். முதல் தவணையில் 15,000 வட்டிக்கே போகும், அசலில் கழிவது 3,000-க்கும் குறைவு. அசலில் பாதி தீரவே ஏறக்குறைய 14 வருடம் ஆகும். மொத்தம் கட்டுவது 43 லட்சத்துக்கு மேல். நடுவில் வட்டி ஏறினால் தவணைத் தொகையை அப்படியே வைத்து மாதங்களை நீட்டிவிடுவார்கள். கணக்கு அறிக்கையைப் பார்க்காதவர்களுக்கு அது தெரியாமலே போகலாம். நீங்கள் சொன்ன காலத்தில் முடித்திருக்கிறீர்கள் என்றால் ஒன்று கவனமாகப் பார்த்திருக்கிறீர்கள், அல்லது கையில் வந்த போனஸை அசலில் போட்டிருக்கிறீர்கள். அந்த விவரத்தை எழுதுங்கள், படிக்கிற இளையவர்களுக்கு உதவும்.

ஆனால் கடன் முழுசாக முடிந்துவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். கடைசித் தவணை கட்டியதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அசல் பத்திரங்களைக் கடன் தீர்ந்த 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தாமதத்துக்கு வங்கி காரணம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. வாங்கும்போது கடன் எடுத்த நாளில் கொடுத்த ஆவணப் பட்டியலை வைத்து ஒவ்வொரு தாளாகச் சரிபாருங்கள், மூலப் பத்திரம் உட்பட. உங்கள் கடனுக்காகப் பத்திர ஒப்படைப்பு ஆவணம் (பத்திரத்தை வங்கியிடம் ஈடாக வைத்ததற்கான ஆவணம்) சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்த ரசீதையும் அங்கேயே பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றிதழில் கடன் அப்படியே நிற்கும். வீட்டை விற்கிற நாளில்தான் தெரியவரும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைப் பார்த்து, அந்தப் பதிவு ஏறிவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு, பிறகு 'அடைத்தேன்' என்று எழுதுங்கள்.

ஸ்கூட்டர் விஷயத்தைக் கடைசியில் கூச்சத்தோடு சொல்லியிருக்கிறீர்கள். 51 வயதில் உடம்பு விழப் பயப்படும். அந்தப் பயத்தில் கண் முன்சக்கரத்துக்குப் போகும். கண் போன பக்கம்தான் வண்டியும் போகும், விழுவதும் அதனால்தான். ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போடும்போது கால் ஊன்றுகிறவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் வளைவில் ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டிருப்பார்கள். வேகம் செத்தால் வண்டி சாயும். ஆக்சிலரேட்டரை ஒரே சீராகக் கொஞ்சம் பிடித்து, இடது கையால் பின் பிரேக்கை லேசாக உரசவிட்டு, பார்வையை அடுத்த வளைவில் வைத்தால் எட்டு தானாக வரும். வளைவில் மணல் கிடக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். இத்தனையும் பழகி, ரெட்டேரி சந்திப்பின் நெரிசலில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஆபீஸ் போய் வந்திருக்கிறீர்கள் என்றால், அது 20 வயதில் ஓட்டப் பழகியதைவிடப் பெரிது.

எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் போதும்: எப்போது தொடங்கினீர்கள், எப்போது முடிந்தது, எது கடினமாக இருந்தது, அதை எப்படிச் சமாளித்தீர்கள். 'கடவுள் அருளால்', 'என்னால் முடிந்த அளவு', 'சிறு பங்கு' எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அவை அடக்கம்போலத் தெரியும், விவரத்தை மறைத்துவிடும். "என் மாமியார் 4 வருடம் படுக்கையில் இருந்தார். ஒரு நாளும் அவருக்குப் படுக்கைப் புண் வரவில்லை" என்று தொடங்குங்கள். அந்த இரண்டு வரியைப் படிக்கிற யாரும் உங்களைத் தற்பெருமைக்காரர் என்று சொல்லமாட்டார்கள்.

ஒன்று மட்டும் விட்டுப் போயிருக்கிறது. நீங்கள் ஆபீசில் இருந்த நேரங்களில் மாமியாரைத் திருப்பிப் படுக்க வைத்தவர் யார்? வீட்டுக்காரரா, நாத்தனாரா, சம்பளத்துக்கு வந்த ஆயாவா? புண் வராமல் இருந்ததில் பகல் நேரத்துப் பாதி அவருடையது. அவர் பெயரையும் அதே பத்தியில், அவரிடம் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் போடுங்கள். மலர் அச்சானதும் ஒரு பிரதி அவருக்குப் போகட்டும்.