ஓப்பன் சோர்ஸ்ல கான்ட்ரிப்யூட் பண்ண எங்கேர்ந்து தொடங்கறது?

கேள்வி: ரெண்டு வருஷமா ஒரு கம்பெனில பைத்தான் டெவலப்பரா இருக்கேன். ஓப்பன் சோர்ஸ்ல (கோடை யார் வேணாலும் பாத்து மாத்தலாம்னு வெளிப்படையா வச்சிருக்கற சாஃப்ட்வேர்ல) ஏதாவது பண்ணணும்னு ரொம்ப ஆசை. ஆனா அந்த மாதிரி கோடெல்லாம் இருக்கற கிட்ஹப் சைட்ல, புதுசா வர்றவங்களுக்கான வேலைகளுக்குப் போடற 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' லேபிள் தேடினா எல்லாத்துலயும் ஏற்கெனவே நாலஞ்சு பேர் எனக்குக் குடுங்கன்னு கேட்டு நிக்கறாங்க. பெரிய ப்ராஜெக்ட் கோடைத் திறந்தா தலையும் புரியல காலும் புரியல. எப்படி ஆரம்பிக்கறது?

பதில்: அந்த லேபிள் பக்கம் எப்பவும் கூட்டம்தாங்க, புதுசா வர்ற எல்லாரும் அதையேதான் தேடறாங்க. அதை விட்டுடுங்க. உங்க ஆபீஸ் ப்ராஜெக்ட்டோட ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலைத் (அது யூஸ் பண்ற லைப்ரரிகளோட லிஸ்ட்) திறந்து பாருங்க, பாண்டாஸ் மாதிரி பெரிய பேரெல்லாம் தாண்டி, வெளில அவ்வளவா யாருக்கும் தெரியாத ஒரு குட்டி லைப்ரரி அதுல இருக்கும், அதை எடுங்க. தினமும் யூஸ் பண்றதால அது எப்படி நடந்துக்கணும்னு உங்களுக்கே தெரியும், பாதி வேலை அங்கேயே முடிஞ்சுது.

எடுக்கறதுக்கு முன்னாடி அதுக்கு உயிர் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. வெளி ஆளுங்க அனுப்பின புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கோங்கன்னு அனுப்பற கோரிக்கை) ஏதாவது சமீபத்துல மெர்ஜ் ஆகியிருக்கா, அதாவது ப்ராஜெக்ட்ல சேர்ந்திருக்கா? இல்லன்னா வேற பாருங்க.

கோட் முழுசா புரியணும்னு அவசியமே இல்ல. அறிமுகக் குறிப்பான ரீட்மீயும், மாற்றம் எப்படி அனுப்பணும்னு சொல்ற கான்ட்ரிப்யூட்டிங் ஃபைலும் படிங்க, ஃபோர்க் பண்ணி (உங்க கணக்குல ஒரு காப்பி எடுத்து) க்ளோன் பண்ணி (அதை உங்க மெஷினுக்கு இறக்கி) டெஸ்ட்டை உங்க மெஷின்ல ஓட விடுங்க. அதுல எழுதியிருக்கிறபடியே செஞ்சும் இன்ஸ்டால் ஆகலன்னா அதையே ரிப்போர்ட் பண்ணலாம், ப்ராஜெக்ட்டைப் பாத்துக்கற மெயின்டெய்னர் மெஷின்ல எல்லாம் எப்பவோ செட் ஆகியிருக்கும், அந்த ஓட்டை அவங்க கண்ணுல படவே படாது.

அடுத்ததுதான் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கறது. கோட் எழுத அவசரப்படாம, யாரும் தொடாம கிடக்கற ஒரு பக் ரிப்போர்ட்டை எடுத்து அதை உங்க மெஷின்ல வரவழைச்சுக் காட்டுங்க. உதாரணத்துக்கு 'ஃபைல் ஓப்பன் ஆகல'ன்னு ஒத்தை வரில ஒருத்தர் போட்டிருக்கார்னு வைங்க. நீங்க இங்கிலீஷ் ஃபைல் குடுத்துப் பாக்கறீங்க, ஒழுங்கா ஓப்பன் ஆகுது. தமிழ் ஃபைல் குடுத்தா லினக்ஸ்ல ஓடுது, விண்டோஸ்ல யூனிகோட் டிகோட் எர்ரர். கோடைப் பாத்தா என்கோடிங் (எழுத்துகளை பைட்டா மாத்தற முறை) சொல்லாம ஓப்பன் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருக்காங்க, பைத்தான் 3.14 வரைக்கும் அப்படி விட்டா அது சிஸ்டம் என்கோடிங்கை எடுத்துக்கும், விண்டோஸ்ல அது பெரும்பாலும் 1252 கோட்பேஜ்ங்கற, மேற்கத்திய எழுத்துகளுக்கான பழைய முறை. க், ம்னு நாம வைக்கற புள்ளிக்கு, அந்த தமிழ் ஃபைல் இருக்கற யூடிஎஃப்-8 என்கோடிங்ல மூணு பைட், அதுல கடைசி பைட்டுக்கு 1252ல எழுத்தே கிடையாது, அங்கதான் உடையுது. இதை வெர்ஷன், ஓஎஸ், சின்னதா ஒரு சாம்பிள் ஃபைலோட அந்த பக் ரிப்போர்ட் இருக்கற இஷ்யூ பக்கத்துலயே எழுதிப் போடுங்க. ஒரு வரி கோட் எழுதாமலே மெயின்டெய்னருக்கு ஒரு சாயங்காலத்தை மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கீங்க, அவங்கள்ல நிறைய பேர் இதை வேலை நேரம் போக சம்பளம் இல்லாமதான் பாத்துக்கறாங்க.

முன்னாடி ஓடிட்டிருந்தது இப்போ ஓடலங்கற மாதிரி பக்னா, கோட் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கற கிட் டூல்ல இருக்கற பைசெக்ட் கமாண்டை யூஸ் பண்ணுங்க. நடுவுல ஆயிரம் கமிட் (பதிஞ்ச மாற்றம்) இருந்தாலும் பாதி பாதியா வெட்டிட்டுப் போகும், சுமார் 10 தடவை டெஸ்ட் பண்ணா எந்த கமிட் உடைச்சுதுன்னு காட்டிடும்.

இதுக்கப்புறம் ஃபிக்ஸ் பண்றது தானா வரும், நான் இதைச் சரி பண்ணட்டுமான்னு அந்த இஷ்யூலயே கேட்டுட்டு உங்க மாற்றத்துக்குத் தனியா ஒரு பிராஞ்ச் போடுங்க. முதல்ல ஃபெயில் ஆகற டெஸ்ட் ஒண்ணு எழுதுங்க, அப்புறம் அதை பாஸ் பண்ண வைக்கற மாற்றம், அவ்வளவுதான். போற வழில ஸ்பேஸ், இன்டென்ட் எல்லாம் சரி பண்றேன்னு நாற்பது ஃபைலைத் தொட்டீங்கன்னா ரிவ்யூ பண்றவங்க எதைன்னு பாப்பாங்க சொல்லுங்க. ஏஐ எழுதிக் குடுத்த கோடையும், ஒவ்வொரு வரியும் ஏன் இருக்குன்னு உங்களால சொல்ல முடிஞ்சா மட்டும் அனுப்புங்க. புல் ரிக்வெஸ்ட் அனுப்பினா டி-ஷர்ட் குடுத்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சில, 2020ல, அந்த டி-ஷர்ட்டுக்காக ரீட்மீல ஒரு வார்த்தையை மாத்தி ஆயிரக்கணக்குல புல் ரிக்வெஸ்ட் குவிஞ்சு, கடைசில விருப்பப்பட்ட ப்ராஜெக்ட் மட்டும் சேர்ந்துக்கலாம்னு ரூலையே மாத்த வேண்டியதாச்சு. அதைப் படிக்க உக்காந்தவங்க நிலைமையை நினைச்சா இப்பவும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

ரிவ்யூல பத்து கமென்ட் வந்தா பயப்படாதீங்க, நல்ல அறிகுறி அது, உங்க கோடை ஒருத்தர் உக்காந்து படிச்சிருக்கார்னு அர்த்தம். பதிலே வரலன்னா ரெண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு தடவை மரியாதையா ஞாபகப்படுத்துங்க.

நீங்க வேலைல இருக்கறதால இன்னொண்ணு. உங்க ஆபீஸ் கான்ட்ராக்ட்ல, நீங்க எழுதற கோட் கம்பெனிக்குச் சொந்தம்னு ஒரு ஷரத்து இருக்கலாம், சில கம்பெனில ஆபீஸ் நேரத்துக்கு வெளில எழுதினதையும் சேர்த்துக்கறாங்க. லினக்ஸ் கெர்னல் மாதிரி இடங்கள்ல, இந்த கோடைக் குடுக்க எனக்கு உரிமை இருக்குன்னு ஒவ்வொரு கமிட்லயும் சைன்ட் ஆஃப் பை வரி போட்டு உறுதி சொல்லணும், வேற சில ப்ராஜெக்ட்ல தனியா ஒரு அக்ரிமென்ட்டே சைன் பண்ணச் சொல்வாங்க. அதனால முதல் புல் ரிக்வெஸ்ட்டுக்கு முன்னாடி மேனேஜர்கிட்டயோ ஹெச்ஆர்கிட்டயோ கேட்டு, ஓகேங்கறதை மெயில்ல வாங்கி வச்சுக்கோங்க.