ஓஸ் நாட்டுக்குப் பிள்ளைகள் எழுதும் திருத்தங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் சிறுவர் வாசிப்பு வட்டத்தில், எல். ஃபிராங்க் பாம் எழுதிய ஓஸ் வரிசையின் பதினான்கு புத்தகங்களையும் படித்து முடித்திருக்கிறோம். முடித்த கையோடு, “நாங்களாக இருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டோம்” என்று பிள்ளைகள் ஒரு பட்டியல் போட்டுவிட்டார்கள்.

நான்காவது புத்தகத்தில் பூமிக்கடியில் விழுந்த சிறுமி டோரதி முதல் நாளே ஓஸ் நாட்டு அரசி ஓஸ்மாவுக்குச் சைகை காட்டியிருக்கலாமே என்கிறார்கள். ஒட்டுத்துணிப் பெண் கதையில் ஓஜோ என்ற சிறுவன் அலைந்து சேர்த்த மருந்துப் பொருள்கள் கடைசியில் எதற்கும் பயன்படாமல் போனதில் எல்லோருக்கும் கோபம். ரிங்கிடிங்க் கதையில் டோரதி இடையில் புகுந்து காப்பாற்றுவது கூடாதாம். தகர மரவெட்டிக்கும் அவன் காதலித்த மஞ்ச்கின் நாட்டுப் பெண்ணுக்கும் கல்யாணம் நடக்க வேண்டுமாம். கறுத்த தோல் கொண்டவர்களைக் கேலி செய்யும் இடங்களை எடுத்துவிட வேண்டும் என்று மூத்த பிள்ளைகள் சொல்கிறார்கள்.

இவற்றை எழுத விடலாமா? மூலத்தைச் சிதைப்பதாகாதா? எழுதுவதென்றால் எங்கிருந்து தொடங்குவது? காப்புரிமைச் சிக்கல் ஏதும் வருமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

தாராளமாக எழுதட்டும். இந்த வரிசையே வாசகப் பிள்ளைகள் கைவைத்து வளர்ந்ததுதான். 1900இல் முதல் புத்தகத்தை எழுதியபோது பாமுக்குத் தொடர் எழுதும் எண்ணம் இல்லை. கடிதங்கள் குவிந்ததால் 1904இல் இரண்டாவது வந்தது. 1908இல் நான்காவதன் முன்னுரையில், இது என் புத்தகமும் பிள்ளைகளின் புத்தகமும் என்கிறார். அடுத்த ஆண்டு வந்ததில், நீங்கள் கேட்டதால்தான் டோரதியின் நாய் டோட்டோ இந்தக் கதையில் இருக்கிறது என்கிறார். கூடவே, கதை முதலில் கதையாக இருந்தாக வேண்டும், ரொம்ப மாற்றினால் கெட்டுப்போகும் என்றும் ஒரு வார்த்தை சேர்க்கிறார்.

1910இல் ஆறாவது புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். நல்ல சூனியக்காரி கிளிண்டா தன் மந்திரத்தால் ஓஸ் நாட்டையே வெளியுலகின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறாள்; இனி அங்கிருந்து சேதி வராது என்று கதை முடிகிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர் எழுதிய வேறு கதைகள் அந்த அளவுக்கு விற்கவில்லை, பிள்ளைகளும் விடவில்லை. கம்பியில்லாத் தந்தி மூலம் ஓஸோடு பேசலாமே என்று ஒரு பிள்ளை கேட்டது. 1913இல் ஏழாவது புத்தகம் அந்த வழியாகவே வந்தது.

அவர் 1910இன் திரையைக் கிழிக்கவில்லை என்பதை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். திரை அப்படியே தொங்குகிறது. தந்தி நுழையும் அளவுக்கு ஒரு துளை மட்டும். நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். அச்சான பக்கத்தை அழிக்க வேண்டாம். வரிசைக்குள்ளேயே எங்கோ கிடக்கும் ஒரு நூலை எடுத்து, கிழிந்த இடத்தைத் தைக்க வேண்டும். மூலம் சிதையுமோ என்ற உங்கள் பயத்துக்கும் இதுவே பதில்.

நூல் எங்கே கிடக்கிறது என்று தெரிய ஒரு பதிவேடு வேண்டும். எழுதத் தொடங்குவதற்கு முன் இதற்கு நான்கு ஞாயிறாவது ஒதுக்குங்கள். பிள்ளைக்கு ஒரு புத்தகம். நோட்டில் ஐந்து பத்திகள்: மந்திரப் பொருள் என்ன, யாரிடம் இருக்கிறது, என்ன செய்யும், என்ன செய்யாது, எந்த அத்தியாயம். “என்ன செய்யாது” என்ற பத்தியைத்தான் பிள்ளைகள் காலியாக விடுவார்கள். அதை விடாதீர்கள், தொடர்கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஓஸ்மாவிடம் யாரை வேண்டுமானாலும் காட்டும் மந்திரப் படம் இருக்கிறது. நினைத்தவரை நினைத்த இடத்துக்குக் கொண்டுவரும் மந்திரக் கச்சை இருக்கிறது. நடப்பதெல்லாம் தானாகப் பதிவாகும் புத்தகம் கிளிண்டாவிடம். இந்த மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் அங்கே யாருக்கும் ஆபத்தே வர வழியில்லை. பாமும் இதில் மாட்டிக்கொண்டார். 1917இல் வந்த பதினோராவது புத்தகத்தில் படம், புத்தகம், ஓஸ் மந்திரவாதியின் கருவிப் பை, ஓஸ்மா எல்லாவற்றையும் ஒரே இரவில் திருடுபோக வைத்துத்தான் வெளியே வந்தார். கச்சை மட்டும் திருடனின் கணக்கில் வராமல் தப்புகிறது, முடிவில் அதுவே உதவுகிறது.

இப்போது நான்காவது புத்தகத்துக்கு வருவோம். பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. தினமும் நான்கு மணிக்கு ஓஸ்மா படத்தைப் பார்ப்பாள், சைகை காட்டினால் கச்சையால் தூக்கிக்கொள்வாள் என்பது டோரதிக்கு முன்பே தெரியும். கண்ணாடி நகரத்துக் காய்கறி மனிதர்கள், கண்ணுக்குத் தெரியாத கரடிகள், மரத்தாலான கார்காயில்கள், டிராகன் குட்டிகளின் குகை என்று அத்தனையும் தாண்டிய பிறகுதான் அவளுக்கு அது நினைவுக்கு வருகிறது. முதல் நாளே சைகை காட்டட்டும் என்று திருத்தினால் புத்தகம் இரண்டாவது அத்தியாயத்திலேயே முடிந்துவிடும். டோரதிக்கு மறதி என்று எழுதினால் அவள் அசடாகிவிடுவாள், அவள் அசடே இல்லை.

நூல் மூன்றாவது புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது. அங்கே ஓஸ்மா சொல்வது தினமும் நான்கு மணி அல்ல, சனிக்கிழமை காலை. ஒரு வருடம் கழித்து எழுதும்போது பாம் அதை மாற்றிவிட்டார். பழைய சொல்லுக்கே திரும்புங்கள். டோரதியைப் பூமிக்கடியில் தள்ளிய நிலநடுக்கத்தை ஒரு சனிக்கிழமை மதியத்துக்குத் தள்ளுங்கள். டோரதிக்கு எல்லாம் நினைவிருக்கிறது, ஆனால் அடுத்த சனி வரை உயிரோடு இருக்க வேண்டும். கண்ணாடி நகரத்தின் வானத்தில் பல நிறச் சூரியன்கள் எரிகின்றன, இரவு பகல் குழம்பிப்போகும். அவள் நாள் எண்ணத் தவறும் இடத்தை அங்கே வையுங்கள். யாரிடமாவது கடிகாரம் இருந்தால் விழும்போதே அது நின்றுவிடட்டும். எழுதுவதற்கு முன் கதையில் எத்தனை முறை தூங்கி எழுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், சனிக்கிழமை எந்தப் பக்கத்தில் விழுகிறது என்று அப்போதுதான் தெரியும். மொத்தத்தில் மாறுவது ஐந்தாறு வாக்கியம். தெரியாமல் நடப்பதைவிட, நாள் தெரிந்து காத்திருப்பதில் பயம் அதிகம். இந்த மாற்றம் அந்தப் புத்தகத்தை உண்மையிலேயே மேலாக்கும் என்று நம்புகிறேன்.

ஓஜோ கதைதான் கடினம். கல்லாகிப்போன மாமாவை மீட்க ஓஜோ ஐந்து பொருள் தேடுகிறான்: ஆறு இலைத் தீவனப்புல், வூஸி என்ற விலங்கின் வால் நுனியிலிருந்து மூன்று மயிர், வெளிச்சமே படாத கிணற்றுத் தண்ணீர், உயிருள்ள மனிதனின் உடம்பிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய், மஞ்சள் பட்டாம்பூச்சியின் இடது இறகு. மயிரைப் பிடுங்க முடியாததால் வூஸியே கூட வந்துவிடுகிறது. புல்லைப் பறித்ததற்காகச் சிறைக்குப் போகிறான். எண்ணெய் தகர மரவெட்டியின் மூட்டிலிருந்து கிடைக்கிறது. மஞ்சள் பட்டாம்பூச்சி இருப்பதோ அதே மரவெட்டி ஆளும் விங்கி நாட்டில். என் நாட்டில் ஒரு பூச்சியைக்கூட வதைக்க விடமாட்டேன் என்று அவன் மறுத்துவிடுகிறான். ஓஜோ அழுதுகொண்டே திரும்புகிறான். பிறகு, கிளிண்டா சொல்லிக்கொடுத்தபடி ஓஸ் மந்திரவாதி மாமாவை எழுப்பிவிடுகிறார்.

பிள்ளைகளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அவர்கள் சட்டென்று எழுதப்போகும் திருத்தம் எப்படி இருக்கும் என்று தெரியும்: இறகு தானாக உதிர்ந்து கிடக்கும், அல்லது செத்த பட்டாம்பூச்சி ஒன்று அகப்படும். இரண்டும் வேண்டாம். கதையின் ஒரே கனமான இடம் அந்த மறுப்பு. செத்த பூச்சி கிடைத்துவிட்டால் மரவெட்டி வீணாகப் பிடிவாதம் பிடித்தவன் ஆகிவிடுகிறான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மறுப்பது மரவெட்டி, ஓஜோவுக்கு அங்கே தேர்வு இல்லை. ஒரு காட்சி சேருங்கள். மறுப்புக்குப் பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், பட்டாம்பூச்சி ஓஜோவின் கைக்குள் வந்துவிடுகிறது. அவன் கையைத் திறந்து விட்டுவிடுகிறான். அந்த நொடி கிளிண்டாவின் பதிவுப் புத்தகத்தில் ஒரு வரியாக விழுகிறது. அதைப் படித்த பிறகுதான் அவள் மந்திரவாதிக்குப் பாடம் சொல்கிறாள். கிளிண்டாவின் உதவியை நீக்க வேண்டியதில்லை. அவள் எப்போது, எதைப் பார்த்து உதவினாள் என்று சொன்னால் போதும். எச்சரிக்கை ஒன்று: “நீ நல்ல பிள்ளை, அதனால்தான்” என்று கிளிண்டாவோ ஓஸ்மாவோ வாய் திறந்து சொல்லவே கூடாது. சொன்னால் அது பரிசளிப்பு விழா ஆகிவிடும். பதிவுப் புத்தகத்தின் ஒற்றை வரி போதும், மிச்சத்தை வாசிக்கும் பிள்ளை சேர்த்துக்கொள்ளும்.

இதே புத்தகத்தில் இன்னொரு நூலும் கிடக்கிறது. கூன் விழுந்த வேறொரு மந்திரவாதி நான்கு பானைகளை இரு கைகளாலும் இரு கால்களாலும் ஆறு வருடம் கிளறி உயிர்ப்பொடி செய்பவன். அந்தப் பொடி மறுபடி தயாரானால் மாமா எழுந்துவிடுவார். ஆறு வருடம் காத்திருப்பதா, இறகைப் பிய்ப்பதா என்று ஓஜோ யோசிக்கும் இடத்தைப் பெரிய பிள்ளைகள் முயன்று பார்க்கலாம்.

ரிங்கிடிங்க் பற்றி உங்கள் பிள்ளைகள் சொல்வது முழுக்கச் சரி. 1916இல் வெளிவந்தாலும், பத்து ஆண்டுக்கு முன்பே ஓஸுக்குத் தொடர்பில்லாமல் எழுதப்பட்ட கதை அது என்று கருதப்படுகிறது. பிறகு வால் ஒட்டினார்கள், தையல் தெரிகிறது. நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை முத்துக்களோடு இளவரசன் இங்கா இத்தனை தூரம் வந்து நிற்க, டோரதி ஒரு கூடை முட்டையோடு வந்து பூமிக்கடியில் வாழும் நோம்களை மிரட்டிப் பெற்றோரை விடுவிக்கிறாள். டோரதியை எடுத்துவிடலாம். ஆனால் அவளோடு இரண்டு முடிச்சுகள் அவிழும். ஆடாக மாறியிருக்கும் பில்பிலை மனிதனாக்குவது ஓஸ் நாட்டு மந்திரம், அதற்கு வேறு வழி வேண்டும். நோம் அரசன் கலிகோ பிடிவாதம் பிடிப்பது, கைதிகளை விடமாட்டேன் என்று கொடுத்த வாக்குக்காக. வலிமை தரும் நீல முத்தால் வாக்கை உடைக்க முடியாது. ஆலோசனை சொல்லும் வெள்ளை முத்து இங்கே உதவலாம். உதவும்போது புதிர்போலப் பேசட்டும், விடையை இங்காவே கண்டுபிடிக்கட்டும்.

கல்யாணத்துக்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் பிள்ளைகள் கேட்பதை அமெரிக்கப் பிள்ளைகள் அப்போதே கேட்டார்கள். அந்த மஞ்ச்கின் பெண் என்ன ஆனாள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டதாக 1918இல் வந்த பன்னிரண்டாவது புத்தகத்தின் முன்னுரையில் பாம் சொல்கிறார். முதல் புத்தகம் வந்து பதினெட்டு ஆண்டு கழித்து வந்த பதில் அது, நல்ல பதிலும்கூட. மந்திரவாதி தனக்குக் கொடுத்தது அன்பான இதயம், காதலிக்கும் இதயம் அல்ல என்கிறான் மரவெட்டி. கடமைக்காகத்தான் தேடிப் போகிறான். அந்தப் பெண் நிம்மி அமீயோ, அவனும் ஒரு தகரச் சிப்பாயும் தகரமானபோது இழந்த பழைய உறுப்புகளை ஒட்டிச் செய்த ஒருவனைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள். என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்கிறாள். கல்யாணம் வைத்தால், அத்தனை ஆண்டு யாரும் கேட்காத அவள் சொல்லைப் பிடுங்கியதாகும். வேண்டுமானால் அந்த வருகையை அவள் வாசலில் நின்று அவள் பார்வையில் எழுதச் சொல்லுங்கள்.

கேலி செய்யும் பகுதி பற்றி யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடலாம். ஒட்டுத்துணிப் பெண் கதையில் வரும் கறுத்த மக்களுக்கு வைத்த டாட்டன்ஹாட் என்ற பெயரே தென்னாப்பிரிக்கப் பழங்குடியினரை ஐரோப்பியர் இழிவாக அழைத்த சொல்லைத் திருப்பிப் போட்டது. அந்த அத்தியாயத்தில் நடக்கும் எதுவும் பின்னால் தேவைப்படுவதில்லை, இழுத்துப் பார்த்தால் முடிச்சே இல்லாமல் வந்துவிடும். அதே கதையில் இசைப்பெட்டி பாடும் பாட்டில் ஒரு வரியையும் பாருங்கள். எடுத்த இடத்தில் ஏன் எடுத்தோம் என்று அடியில் ஒரு வரி எழுதட்டும்.

வரைபடம் வரைவார்கள் என்றால் ஒரு விஷயம். 1914ஆம் ஆண்டுப் புத்தகத்தின் வரைபடத்தில் மஞ்ச்கின் நாடு இடது பக்கம் இருக்கிறது. கதையிலோ அது கிழக்கு. பிற்பாடு திசைக்குறியை மட்டும் வழக்கம்போல மாற்றி அச்சிட்டபோது குழப்பம் இன்னும் கூடியது. படத்தைப் பார்த்து வரைய வேண்டாம், வாக்கியத்தைப் படித்து வரையுங்கள்: கிழக்கே மஞ்ச்கின் நீலம், மேற்கே விங்கி மஞ்சள், தெற்கே குவாட்லிங் சிவப்பு, வடக்கே கில்லிகின் ஊதா.

காப்புரிமையில், இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு. பாம் 1919இல் இறந்தார், ஆகவே அவருடைய பதினான்கும் பொதுச்சொத்து. இரண்டாவது புத்தகத்திலிருந்து படம் வரைந்த ஜான் நீல் 1943இல் இறந்தவர், அவர் படங்களுக்கும் தடையில்லை. 1921 முதல் வரிசையைத் தொடர்ந்த ரூத் பிளம்லி தாம்சன் இறந்தது 1976இல். அவர் உருவாக்கிய பாத்திரங்களை இப்போது எடுக்க வேண்டாம். திரைப்படத்திலிருந்தும் எதையும் எடுக்க வேண்டாம். டோரதியின் சிவப்பு மாணிக்கச் செருப்பு 1939ஆம் ஆண்டுப் படம் செய்தது. புத்தகத்தில் அது வெள்ளி. நீங்கள் அச்சிட்டுத் தைக்கும் பிரதியிலும் வெள்ளியாகவே இருக்கட்டும்.

அன்புடன்.